பேனரில் ஒற்றுப்பிழை இல்லை

எனக்கு மறதி கிடையாது. யார் என்னை எப்போது சிறுமைப்படுத்தினார்கள் என்பதை, கிழமையும் அன்றைக்கு அவர்கள் உடுத்தியிருந்த துணியின் நிறமும் உட்பட, இன்றைக்கும் சொல்லுவேன். வீட்டில் இதை ஒரு கெட்ட குணம் என்பார்கள். என் தொழிலுக்கு அது தேவை என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். திருச்சியில் ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரு பக்கத்தில் முப்பது வரி ஒழுங்காக இருந்தால் அது என் கண்ணில் படாது. அடுத்த வரியில் விட்டுப்போன ஒரு புள்ளிதான் படும். மனிதர்களையும் அதே கண்ணால்தான் பார்ப்பேன்.

இப்படிப்பட்டவள் ஆறு மாதம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு, கடல் தாண்டிப் போய்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரப் போகிறேன் என்று கிளம்பியபோது என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் அன்றைக்கு நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான்.

ஈப்போ என்ற மலாய் நாட்டு நகரத்தின் ஓரத்தில், சுண்ணாம்பு மலையை வெட்டி லாரியில் ஏற்றும் பக்கமாக, ஐந்து மாடி மலிவு விலை பிளாட் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தளத்தில் நீளமான ஓர் அறையில் மாலை வகுப்பு. வார நாட்களில் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, சனிக்கிழமை காலையில் ஒன்பதரைக்கு. பிள்ளைகளில் பாதிப் பேர் பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த குடும்பங்கள். பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்டு, லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, இடித்தபோது, அவர்களுடைய தாத்தா பாட்டிமார்கள் சட்டிபானையோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். எனக்கும் அதே பிளாட்டில் நாலாவது மாடியில் ஒரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள்.

போன முதல் நாளே எனக்கு ஒரு எதிரி கிடைத்தாள். பதினோரு வயது, ஆறாம் வகுப்பு. ஒல்லி, இரட்டைச் சடை, கேள்வி கேட்கும்போது ஒரு புருவம் மட்டும் மேலே போகும். பள்ளிக்கூடம் விட்டபோது மழை வரும்போல இருந்தது, காடி வந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று சொன்னாள். காடி என்பது தமிழில்லை, இந்தி வாடை அடிக்கிறது, கார் என்று சொல் என்றேன். அந்தப் புருவம் மேலே போனது.

"அப்ப கார் தமிழா டீச்சர்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் அவள் நோட்டை வாங்கி ஒரு பக்கத்தில் பதினேழு இடத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுத்தேன். அவற்றில் ஐந்தாறு பிழையே இல்லை, நடை. அது எனக்கும் தெரியும். ஆனால் மூக்கை உடைத்தவளை நான் அப்படியே விடுகிற ஆள் இல்லை.

அவளும் விடுகிற ஆள் இல்லை. மறுவாரம் என்னிடம் வந்து நல்ல பிள்ளையாக, கடையில் மலாய்க்காரர்களுக்கு நன்றி சொல்ல என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். 'தெரிமா காசே' என்று சொல்வதாகச் சொன்னேன். அது ரொம்பப் பழைய பேச்சு, இப்போதெல்லாம் 'தாக் நாக்' என்றுதான் சொல்கிறார்கள் என்றாள். நான் நம்பினேன். பதினைந்து நாள் காய்கறிக்காரரிடம், பலகாரம் விற்கும் அம்மாவிடம், பஸ் ஓட்டுநரிடமெல்லாம் முகம் மலர, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு "தாக் நாக்" என்று சொன்னேன். ஒருநாள் காய்கறிக்காரர் நீட்டிய கீரைக் கட்டை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தமிழ் அக்கா ஒருவர்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதற்கு 'எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம் என்று சொன்னார்.

அன்று மாலை வகுப்புக்குப் போனபோது உள்ளே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவள் மட்டும் தலை குனிந்து மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. என்னாலும் முடியவில்லை, சிரித்துவிட்டேன். இருபத்தைந்து வருடமாகப் பகை வளர்த்து வந்திருக்கிறேன், எனக்குச் சமமாக ஒருத்தியைப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அவளை ரொம்பவும் பிடித்துப்போனது.

அதன்பிறகு அவள் எனக்கு நிஜமான சொற்களைச் சொல்லித்தந்தாள். கடையில் "தண்ணி என்னா?" என்று கேட்டால் தாகத்துக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை, தேத்தண்ணியா காப்பியா மைலோவா என்று கேட்கிறார்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது 'தாப்பாவ்'. நான் இந்தியாவிலிருந்து வந்ததால் 'ஊர்க்காரங்க'. இங்கேயே பிறந்த அவளுடைய பாட்டனுக்கும் அதுதான் 'ஊர்', பார்த்ததே இல்லையென்றாலும். வகுப்பு முடிந்ததும் மாடிப்படியில் என்னோடு ஏறி வருவாள். மூன்றாவது மாடியில் அவள் வீடு. வாசலில் நின்று இன்னும் பத்து நிமிடம் பேசுவாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். சின்னத் தம்பி ஒருவன். இதெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். சொன்னவள் எந்த இடத்திலும் பாவமாகச் சொல்லவில்லை. பாவத்தை நான்தான் கையோடு கொண்டுபோயிருந்தேன்.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை. வகுப்புக்கு யாரோ ஒரு புண்ணியவான் பன் வாங்கி அனுப்பியிருந்தார், தேங்காய்ப் பூரணம் வைத்தது. ஆளுக்கு இரண்டு. அவள் இரண்டையும் தின்றாள், ஒருத்தி மிச்சம் வைத்ததையும் தின்றாள். போதுமா என்று கேட்டேன்.

"நான் இன்னும் பசியாறல டீச்சர்."

மூன்று பன் தின்றும் பசி ஆறவில்லை. தினமும் இப்படித்தானா என்று குரலைத் தணித்துக் கேட்டேன். சனி ஞாயிறில் இப்படித்தான், காலையில் வீட்டில் யாரும் பசியாறமாட்டோம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விரலை நக்கிக்கொண்டாள். சன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நான் கைப்பேசியை எடுத்து ஒரு படம் பிடித்தேன். நல்ல படம். பெரிய கண்கள், உதட்டோரத்தில் பன்னின் துகள்.

அன்றைக்கு மதியமே உட்கார்ந்து எழுதினேன். இந்த வகுப்பு மையத்தை நடத்துகிறவர் மாதம் ஒரு அறிக்கை கேட்பார். மற்ற மாதங்களில் வருகைப் பதிவும் பாடத் தலைப்பும்தான் எழுதியிருந்தேன். இந்த முறை நெஞ்சு விம்மி எழுதினேன். 'எங்களுக்குப் பசி ஆறுவதே இல்லை' என்று அவள் சொன்னதாக எழுதினேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதை நான் கொஞ்சம் 'திருத்தினேன்'. படத்தையும் சேர்த்து அனுப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், அனுப்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்ததற்கு ஒரு பட்டினிப் பிள்ளையாவது கிடைத்ததே என்ற சந்தோஷம். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதாமல் விட்டால் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை.

நடத்துகிறவரைப் பிள்ளைகள் 'தலைவர்' என்பார்கள், நான் 'அண்ணே' என்பேன். ஐம்பதைத் தாண்டியவர், எப்போதும் இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. அவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான், அப்பா அங்கே கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. அறிக்கையைப் படித்துவிட்டு உடனே கூப்பிட்டார். அழுதுவிட்டேன் டீச்சர் என்றார். அந்த வரியையும் படத்தையும் போட்டு இரண்டு பேனர் அடிக்கப் போவதாகச் சொன்னார். ஒன்று பிளாட் வாசலுக்கு, இன்னொன்று பழைய தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு. தோட்டத்தில் பிறந்து நல்ல நிலைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே கூடுவார்கள், பார்த்தால் மையத்துக்கு உதவுவார்கள் என்றார். அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பினார், பிழை பார்க்க.

பார்த்தேன். 'எங்களுக்கு'வுக்குப் பிறகு ப் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வந்திருந்தது. சரி என்று பதில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பேனர் ஏறியது. பிளாட் வாசல் கம்பியில், ஆள் உயரத்துக்கு அவள் முகம். சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. திங்கட்கிழமை வந்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் மேசைமேல் யாரோ கடித்த ரொட்டியை வைத்திருக்கிறார்கள், இன்னொருத்தி தன் பொட்டலத்திலிருந்து ஒரு பிடி மீகூனை, அதாவது சேமியாவை, அவள் நோட்டின்மேல் கொட்டியிருக்கிறாள். இது எனக்கு மற்றப் பிள்ளைகள் சொன்னது. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நான் பெயர் சொல்லி அழைத்தபோதுகூட நிமிரவில்லை.

ஐந்து மணிக்கு அவளுடைய அம்மா வந்தார். வேலைக்குப் போகும் நீலச் சீருடை, தலைமுடியை வலைக்குள் திணித்திருந்தார். பிள்ளைகள் போகும்வரை வெளியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"எம்புள்ள என்னைக்காச்சும் உங்ககிட்ட சோறு கேட்டுச்சா டீச்சர்?"

இல்லை அக்கா என்றேன். பசி ஆறவில்லை என்று அவள்தான் சொன்னாள் என்றும் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. நான் அந்தச் சனிக்கிழமைக் கதையைச் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபத்துக்கு முன்னால் ஒரு திகைப்பு வந்தது. இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ற திகைப்பு.

"பசியாறலன்னா காலச் சாப்பாடு சாப்புடலன்னு அர்த்தம்லா. இங்க எல்லாரும் அப்படித்தான் பேசுவோம். நான் வேல விட்டு வந்து ஆக்குவேன். பதினோரு மணிக்கு மூணு பேரும் ஒண்ணா உக்காருவோம். தோட்டத்துல எங்கம்மா பால் வெட்டிட்டு வரட்டும்னு நாங்க காத்திருந்தோம். இப்ப நான் வரட்டும்னு இவ காத்திருக்கா. அது பட்டினியா டீச்சர்?"

இந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறல். காடியைத் தமிழில்லை என்று திருத்தியவள், தமிழாகவே இருந்த ஒரு சொல்லில் போய் விழுந்திருக்கிறேன். தமிழாக இருந்ததால்தான் விழுந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். பிளாட்டில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், அது போகட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் திருவிழா. தன் சனம் முழுவதும் வரும், செத்துப்போன கணவனுடைய சனமும் வரும். புருஷன் போனபிறகு பிள்ளைகளைப் பட்டினி போடுகிறாள் என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிடக்கூடாது என்றுதான் இத்தனை வருடமாக இரவில் கண் விழிக்கிறார். அங்கே கட்டும் பேனரை அதற்குள் எடுத்துவிட வேண்டும். நான் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யாத குறையாக வாக்குக் கொடுத்தேன்.

அன்றே தலைவரிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சொல்லின் அர்த்தம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? அறிக்கையைப் படித்தபோதே தெரிந்திருக்கும். அதை நான் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படம் எடுக்கச் சம்மதம் என்று அம்மா வருட ஆரம்பத்தில் பாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றார். திருவிழா முடிந்ததும் இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். நான் விடாமல் பேசியதும் குரல் மாறியது.

"எழுதுனது நீங்க, படம் புடிச்சது நீங்க, சரி பாத்ததும் நீங்க. இப்ப நான் கெட்டவனா? உங்க விசா எங்க கடுதாசியிலதான் இருக்கு டீச்சர். பாத்துக்குங்க."

படியிறங்கி வரும்போதே அவரை எப்படியெல்லாம் அழிப்பது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அவருடைய வெள்ளைக் காரில் ஆணியால் கோடு இழுப்பது. உதவி செய்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுவது. அவர் மேடையில் பேசும் தமிழை எழுத்துக்கு எழுத்துச் சுழித்துச் சுவரில் ஒட்டுவது. அறைக்குள் நடந்துகொண்டே இப்படி நூறு திட்டம் போட்டேன். ஒன்றையும் செய்யவில்லை. விசா என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் என் வீரம் வடிந்துவிட்டது. திருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது, பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அவள் என் மேசைமேல் ஒரு தூக்குச்சட்டியை வைத்தாள். மூன்று அடுக்கு.

"அம்மா குடுத்தாங்க. நீங்க பசியாறணுமாம்."

மேல் அடுக்கில் தேங்காய்ப்பால் சோறு, நடுவில் கோழிப் பிரட்டல், கீழே நெத்திலி போட்ட சம்பல். மூன்று ஆள் தின்னலாம். அவள் நகரவில்லை. தீரும்வரை நின்றாள். பிள்ளைகள் எல்லாரும் பாடத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சம் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. புதன்கிழமை இடியாப்பமும் கறியும். வியாழக்கிழமை பதினான்கு இட்டிலி. என் வாழ்க்கையில் சோற்றால் என்னை அடித்தது அந்த அம்மா ஒருத்திதான். நல்ல சமையல் வேறு. அதுதான் ரொம்ப வலித்தது.

வியாழக்கிழமை பத்தாவது இட்டிலியில் விக்கிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்தது, கன்னம் இரண்டும் உப்பியிருந்தது. அவள் கைப்பேசியை எடுத்தாள், ஒரு படம் பிடித்தாள், உள்ளே வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தது. கீழே ஒரு வரி: 'எங்கள் டீச்சருக்குப் பசி ஆறுவதே இல்லை.' டீச்சருக்குப் பிறகு ப் சரியாகப் போட்டிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

நான் சிரித்திருக்கவேண்டும். கீரைக் கட்டு நாளில் சிரித்தேனே. அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. படியேறும்போது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், ஒருவர் இன்றைக்கு என்ன டீச்சர் சாப்பாடு என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெள்ளிக்கிழமை அவள் தூக்கோடு வந்தபோது வயிறு சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கட்டுரையைத் திருத்தாமல் நோட்டை மேசையில் எறிந்தேன். வருடக் கடைசியில் பரிசுப் பட்டியல் எழுதும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கறுவினேன். பதினோரு வயதுப் பிள்ளையிடம் முப்பத்தெட்டு வயதுக்காரி. அந்த இரண்டு நாளும் எனக்குத் தலைவரும் நினைவில் இல்லை, கோயிலும் நினைவில் இல்லை.

சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு வகுப்பை முடித்துவிட்டு மேலே ஏறினேன். மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டு இரும்புக் கதவுதான் பூட்டியிருந்தது, உள்கதவு திறந்திருந்தது. கம்பி வழியே தெரிந்தது. தரையில் தாள் விரித்துச் சட்டிகள் வைத்திருந்தார்கள். தம்பி தட்டில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அம்மா இன்னும் சீருடையோடு அடுப்படியிலிருந்து வந்து, கையைத் துடைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவள் சோற்றில் கை வைத்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை. நான் சத்தமில்லாமல் மேலே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். என்மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பறையிலிருந்த பெரிய கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பீடோரில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன். இரண்டு பக்கமும் செம்பனை, ஒன்றுபோலவே வரிசை வரிசையாக, வெயில் உள்ளே இறங்காமல் இருந்தது. மேளச் சத்தம் கேட்ட பிறகுதான் கோயில் வருகிறது என்று தெரிந்தது. இறங்கியபோது மணி பத்து.

வாசலில் வாழைமரம், தோரணம், அதற்குப் பக்கத்தில் அவள் முகம். கீழே தலைவர் பட்டு வேட்டியில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் நேராகப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, முதல் கயிற்றை வெட்டினேன். ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

"என்னா செய்றீங்க டீச்சர், எறங்குங்க."

"பிழை திருத்துறேன் அண்ணே."

இரண்டாவது கயிற்றையும் வெட்டினேன். மேளம் நின்றிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. நாற்காலிமேல் நின்றபடியே சொன்னேன். இந்தப் பிள்ளை பட்டினி கிடக்கவில்லை, வேலைக்குப் போன அம்மாவுக்காகக் காத்திருந்தது. பசியாறல என்று அது சொன்னதை நான் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன், ஊருக்குப் புதியவள். இவர் புதியவர் இல்லை, அர்த்தம் தெரிந்தேதான் கட்டியிருக்கிறார் என்று சொன்னேன்.

பிறகு கூட்டத்திலிருந்து வயதான ஒரு பெண் முன்னால் வந்தார். பால் வெட்டிய கை, விரல்கள் வளைந்தே நின்றன. தலைவரின் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"கிராணி மவனே, எங்க புள்ளைங்களுக்கு நாங்க சோறு போடலன்னு உங்கப்பனும் எழுதல. நீ எழுதுற."

அவர் சந்தனம் தொட்டுக்கொள்ளாமல் உள்ளே போனார். அவர் பின்னால் இருந்தவர்களும் அப்படியே போனார்கள். தலைவர் கிண்ணத்தை ஏந்தியபடி நின்றார். அவர் முகம் போன போக்கை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. மனம் இளகியதாகவோ அவருக்காக வருந்தியதாகவோ சொன்னால் பொய். பேனரைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன், வழியெல்லாம் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிளாட் வாசலில் இருந்ததையும் வெட்டிச் சுருட்டினேன்.

திங்கட்கிழமை மதியம் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. இந்த வாரத்தோடு நான் போகலாம். எனக்கு அதுகூட உறைக்கவில்லை. இரண்டு சுருளையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன், வேட்டையிலிருந்து வருகிறவளைப்போல. அவள் வந்திருந்தாள், அதே கடைசி வரிசையில். நான் பலகையில் எழுதினேன்: நான் எழுதியது தவறு. உன்னிடமும் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். பிறகு கோயிலில் நடந்ததை எல்லாம் சொன்னேன். கத்தரிக்கோல், நாற்காலி, சந்தனக் கிண்ணம். தலைவரின் முகத்தை நடித்தே காட்டினேன். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்தாள். பலகையில் இருந்ததை ஒருமுறை படித்தாள்.

"கோயிலுக்கு எத்தன மணிக்கு வந்தீங்க டீச்சர்?"

பத்து மணிக்கு என்றேன்.

"நாங்க எட்டு மணிக்கு வந்தோம். நீங்க எடுத்திருப்பீங்கன்னு அம்மா சொன்னாங்க. புதுப் பொடவ கட்டிக்கிட்டு வந்தாங்க. வாசல்ல பாத்தாங்க. காடிய விட்டு எறங்கவே இல்ல. அப்படியே திரும்பிட்டோம்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை. ஒரு புருவம் மட்டும் மேலே போனது.

"தெரியாம எழுதுனீங்க, அது தப்பு, சரி. தெரிஞ்சப்பறம் ஒரு வாரம் எங்க இருந்தீங்க?"

தலைவரைப் பற்றிச் சொல்லலாமா, விசாவைப் பற்றிச் சொல்லலாமா என்று பார்த்தேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அவள் பதிலுக்காக நின்றாள். தூக்குச்சட்டி காலியாகும்வரை நின்றதைப்போல இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நின்றாள்.

"மேலதான் இருந்தேன்," என்றேன். "உங்க வீட்டுக்கு நேர் மேல."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு சுருளையும் எடுத்துப் பார்த்தாள், கனமாக இருந்தது. பக்கத்தில் இருந்த ஒருத்தியை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வெளியே மாடிப்படிக்குப் போனார்கள். இரவு ஷிப்டுக்காக அம்மா எழுந்திருக்கும் நேரம் ஆகியிருந்தது.